உளியும் இழைப்புளியும் தீட்ட ஹோனிங் கைடு: கேள்வி பதில்

உளியையோ இழைப்புளி அலகையோ இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரே கோணத்தில் கல்லின் மேல் உருண்டு போகும் சிறு கருவிதான் ஹோனிங் கைடு. அதை வாங்கியவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

எங்கள் ஊர் ஆசாரி கையாலேயே தீட்டுகிறார். அவருடைய உளி கண்ணாடி போல மின்னுகிறது. கைடைப் பார்த்துவிட்டு "இது எதற்குத் தம்பி?" என்றார். தேவைதானா?

அவருக்குத் தேவையில்லை. நாள்தோறும் தீட்டிப் பழகிய மணிக்கட்டுக்குக் கோணம் மனப்பாடம். வார இறுதியில் மட்டும் உளி எடுப்பவருக்கு அந்தப் பழக்கம் படிய வெகுகாலம் ஆகும். அதுவரை மழுங்கிய உளியோடு மல்லுக்கட்டுவதில் எந்தப் பெருமையும் இல்லை. புதியவர் கையால் தீட்டும்போது கை முன்னும் பின்னும் போகையில் ஆடும். சரிவு, அதாவது கூருக்காகச் சாய்வாகத் தேய்த்த முகம், தட்டையாக இராமல் உருண்டுவிடும். நுனி கல்லைத் தொடவே தொடாது. கைடு அந்த ஆட்டத்தை நிறுத்துகிறது. மற்றதெல்லாம் உங்கள் பொறுப்பு: தட்டையான கல், தட்டையான முதுகு (சரிவுக்கு எதிர்ப்பக்கம்), பிசிர் (நுனியில் மடங்கி எழும் மெல்லிய எஃகு இழை) எழும்வரை பொறுமை.

கைடிலிருந்து உளி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்? ஒவ்வொரு முறையும் கோணம் மாறிவிடுகிறது.

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். கைடு வாங்கியும் பலன் இல்லை என்பவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

கடைகளில் கிடைக்கும் மலிவான கைடுகளில் பல, ஷெஃபீல்டின் ஜேம்ஸ் நீல் நிறுவனம் எக்லிப்ஸ் என்ற பெயரில் விற்ற 36ஆம் எண் கைடின் பிரதிகள். இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் தாடைகள், நடுவில் ஒரு சிறு உருளை. அலகு மேல் விளிம்பில் உட்காரும். உளி கீழே உள்ள பள்ளத்தில் உட்காரும். உயரம் வேறுபடுவதால் நீட்டலும் வேறுபடும். உளிக்கு 25 டிகிரி வேண்டுமானால் 40 மி.மீ., 30 டிகிரிக்கு 30 மி.மீ. இழைப்புளி அலகுக்கு 25 டிகிரி என்றால் 50 மி.மீ., 30 டிகிரிக்கு 38 மி.மீ. உங்கள் கைடின் அளவு பிரதிக்குப் பிரதி சற்று மாறலாம். ஒரு முறை தீட்டிவிட்டுக் கோணமானியால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை ஒவ்வொரு முறையும் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். ஒரு பலகைத் துண்டை எடுத்து, அதன் விளிம்பிலிருந்து இந்த நான்கு தூரங்களிலும் சிறு மரக்கட்டைகளை ஒட்டிவிடுங்கள். கைடின் முகப்பைப் பலகை விளிம்பில் அழுத்தி, உளியின் நுனி கட்டையைத் தொடும்வரை தள்ளி, திருகை முடுக்கினால் போதும். சென்ற மாதம் தீட்டிய அதே கோணம் இன்றும் கிடைக்கும். கோணம் மாறாதபோது நுனியில் ஒரு மயிரிழை எஃகு தேய்ந்தாலே கூர் திரும்பிவிடும். மாறினால் சரிவு முழுவதையும் புதிதாகத் தேய்க்க வேண்டும். நேரமும் வீண், எஃகும் வீண். கைடைவிட இந்தப் பலகைக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

சரிவு பளபளவென்று இருக்கிறது, ஆனால் மரத்தில் ஏறவில்லை. ஏன்?

பிசிர் எழும்முன்பே அடுத்த கல்லுக்குப் போயிருக்கிறீர்கள். சரிவைத் தேய்க்கும்போது நுனி வரை தேய்ந்துவிட்டால், எதிர்ப்பக்கம் மெல்லிய எஃகு இழை ஒன்று மடங்கி நிற்கும். முதுகுப் பக்கத்திலிருந்து விரல்நுனியை விளிம்பை நோக்கி வெளியே இழுத்துப் பாருங்கள். விளிம்போடு நீளவாக்கில் ஓட்டினால் விரல் அறுந்துவிடும். இடது மூலை, நடு, வலது மூலை மூன்றிலும் அந்தச் சொரசொரப்பு தட்ட வேண்டும். ஒரு மூலையில் இல்லையென்றாலும் முதல் கல்லிலேயே தொடருங்கள். பளபளப்பு கண்ணை ஏமாற்றும், பிசிர் ஏமாற்றாது.

கடைசிக் கல்லில், கைடைக் கழற்றாமலேயே அது கல்லுக்கு வெளியே தொங்கும்படி வைத்து, முதுகைத் தட்டையாகப் படுக்கவைத்து நாலைந்து முறை இழுத்தால் பிசிர் போய்விடும்.

எந்தக் கல் வாங்குவது? பட்ஜெட் குறைவு.

இரும்புக் கடையில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல் உடைந்த நுனியைச் சீராக்க உதவும். அதோடு நின்றுவிட்டால் கூர் பாதியிலேயே நிற்கும். தீட்ட 1000, முடிக்க 6000 அல்லது 8000 கிரிட் நீர்க்கல் (தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்) இருந்தால் நிம்மதி. கிரிட் எண் கூடக் கூடக் கல்லின் துகள் நுண்மையாகும். அதற்கும் பணம் இல்லையென்றால் தடித்த கண்ணாடித் துண்டின் மேல் ஈரம் தாங்கும் உப்புத்தாளை ஒட்டி, 400, 1000, 2000 என்று போங்கள். தாளின் மேல் மட்டும் உளியைப் பின்னோக்கி இழுக்க வேண்டும்; முன்னோக்கித் தள்ளினால் கிழிந்துவிடும்.

நீர்க்கல்லுக்கு எண்ணெய் விடலாமா?

கூடாது, கல் பாழாகிவிடும். எண்ணெய் விடுவதெல்லாம் எண்ணெய்க்கல்லுக்கு மட்டும்.

மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் நுனி கோணலாக இருக்கிறது. கைடு பழுதா?

முதலில் கல்லைப் பாருங்கள். நடுவில் குழிந்த கல்லில் எந்தக் கைடும் நேராகத் தீட்டாது. கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடியில் ஒட்டிய முரட்டு உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், கோடு அழியாத இடமே குழி. எல்லாக் கோடும் அழியும்வரை தேயுங்கள். நீர்க்கல் சீக்கிரம் குழியும் என்பதால் தீட்டும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்வது நல்லது.

கல் தட்டை என்றால் அடுத்த சந்தேகம் தாடைகள் மேல். மலிவுப் பிரதிகளில் உளி உட்காரும் பள்ளத்தில் பெயின்ட்டும் வார்ப்புப் பிசிறும் அடைத்துக்கொண்டு, உளி சாய்ந்து நிற்கும். சிறு முக்கோண அரத்தால் பள்ளத்தைச் சுத்தம் செய்தால், அதே கைடு விலையுயர்ந்ததற்கு ஈடாக வேலை செய்யும். திருகையும் கையால் மட்டும் முடுக்காமல் ஸ்க்ரூடிரைவரால் ஒரு கால் சுற்று கூடுதலாக முடுக்குங்கள்.

6 மி.மீ. உளி கைடில் இருந்தும் இருபுறமும் ஆடுகிறது.

உருளையும் குறுகல், உளியும் குறுகல், ஆடத்தான் செய்யும். இரண்டு சுட்டுவிரல்களையும் நுனிக்கு நேர் மேலே வைத்து, கைடின் மேல் பாரம் கொடுக்காமல் மெல்ல இழுங்கள். குறுகிய உளியில் தேய வேண்டிய எஃகும் குறைவு; பத்து இழுப்புக்கு ஒரு முறை மூலைமட்டம் வையுங்கள்.

முதுகை எவ்வளவு தூரம் தட்டையாக்க வேண்டும்? இரண்டு மணி நேரம் தேய்த்தும் முடியவில்லை.

உளியா, அலகா என்பதைப் பொறுத்தது. உளியின் முதுகு மரத்தின் மேல் படுத்து வழிகாட்டுகிறது. ஆகவே நுனியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டராவது உண்மையாகவே தட்டையாக வேண்டும். வாங்கிய புதிதில் ஒரு முறை பாடுபட்டால் போதும்.

இழைப்புளி அலகுக்கு அந்தப் பாடு வேண்டாம். இங்கிலாந்தின் மரவேலைக் கலைஞர் டேவிட் சார்ல்ஸ்வொர்த் பரப்பிய முறை இது: அரை மி.மீ. தடிமனுள்ள எஃகு ஸ்கேலைக் கல்லின் ஓரமாக வைத்து, அலகின் பின்பகுதியை அதன் மேல் ஏற்றி, நுனியை எதிர் ஓரத்தில் தேய்ப்பது. முதுகு மிக மிகச் சிறிதளவே உயர்வதால் நுனியை ஒட்டிய மெல்லிய பட்டை மட்டும் மெருகேறும். உளிக்கு இதைச் செய்யவே கூடாது, தட்டைத்தன்மை போய்விடும்.

தேக்கில் வேலை செய்தால் கூர் சீக்கிரம் போய்விடுகிறது.

தேக்கில் சிலிக்கா இருக்கிறது. எந்த எஃகையும் அது தின்னும். 25 டிகிரியில் தேய்த்த உளிக்கு, நீட்டலைக் குறைத்து 30 டிகிரியில் நுனியில் மட்டும் சிறு சரிவு ஒன்று கொடுங்கள். கொட்டாப்புளியால் அடித்து இறக்கும் உளி என்றால் 35 வரை போகலாம். இந்தச் சிறு சரிவைப் புதுப்பிக்கச் சில இழுப்புகளே போதும். அது இரண்டு மி.மீ. அகலத்தைத் தாண்டும்போது 25 டிகிரிக்குத் திரும்பிப் பெரிய சரிவைச் சீராக்குங்கள்.

சாணைச் சக்கரத்தில் பிடித்தபோது நுனி நீலமாகிவிட்டது. கைடில் தீட்டினால் சரியாகுமா?

ஆகாது. கார்பன் எஃகு நீலமாகிறது என்றால் சூடு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கிறது. அந்த இடத்தில் பதம் இறங்கி, எஃகு மென்மையாகிவிட்டது. நீலம் முழுவதும் போகும்வரை கல்லில் தேய்த்து எடுக்க வேண்டும். இனிச் சக்கரத்தில் மெல்லத் தொட்டுத் தொட்டு எடுங்கள், பக்கத்தில் தண்ணீர் வைத்து அடிக்கடி முக்குங்கள். வெறும் விரலால் பிடிக்க முடியாத சூடு வந்தால் உடனே நிறுத்துங்கள்.

இழைத்த பலகையில் அலகின் மூலைகள் கோடு போடுகின்றன. கைடில் இதைச் சரிசெய்ய முடியுமா?

முடியும். குறுகிய உருளைக் கைடின் வசதியே இதுதான். 1000 கல்லில் விரல் பாரத்தை இடது மூலையில் வைத்து ஆறேழு இழுப்பு, பிறகு வலது மூலையில் அதே எண்ணிக்கை, நடுவில் இரண்டு. முடிக்கும் கல்லிலும் அப்படியே. அலகை ஸ்கேல் விளிம்போடு வெளிச்சத்தில் பிடித்தால் இரு மூலையிலும் தாள் நுழையும் அளவுக்குக்கூட இடைவெளி தெரியக்கூடாது. வெளிச்சம் மட்டும் கசிய வேண்டும். அகன்ற உருளை உள்ள கைடில் இது எளிதில் வராது.

போதுமான கூர் வந்துவிட்டது என்று எப்படி அறிவது?

கை முடியைச் சிரைத்துப் பார்க்காதீர்கள். சுமாரான கூரும் அதைச் செய்துவிடும். பைன் போன்ற மென்மரத் துண்டு ஒன்றின் வெட்டுமுகத்தில் (நார்கள் குறுக்கே வெட்டுப்பட்ட முனையில்), கொட்டாப்புளி இல்லாமல் கையால் மட்டும் உளியைத் தள்ளுங்கள். நார்கள் நசுங்காமல், வெண்மையான பொடி உதிராமல், வெட்டிய இடம் வழவழப்பாக லேசாக மினுங்கினால் வேலைக்குப் போகலாம். வெட்டுமுகத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விழுந்தால் நுனியில் அந்த இடத்தில் பொக்கு இருக்கிறது. 1000 கல்லுக்குத் திரும்புங்கள்.