பாசிக்குப் போகும் அம்மா, ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் மகள்

பாம்பன் அண்ணனுக்கு வணக்கம்.

“டாக்டருக்குப் படி என்றால் செல், ஆக்சிஜன், அயனிக் கால்வாய் என்கிறாள், அதில் சோறு கிடைக்குமா?” என்று கேட்டிருந்தீர்கள். சோற்றுக் கணக்குக்கு வருகிறேன். அதற்கு முன் மகள் கேட்பது என்னவென்று உங்கள் வீட்டை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

மதினி விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடல்பாசி எடுக்க மூழ்குகிறார். கொஞ்ச நேரத்தில் உடம்பே அவரை மேலே விரட்டுகிறது. பெரிதும் விரட்டுவது ரத்தத்தில் சேரும் கரியமில வாயு. ஆக்சிஜன் குறைவதைக் கண்டுபிடிக்கவும் ஒரு காவல் இருக்கிறது. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, அரிசி அளவே உள்ள கரோட்டிட் உடலம்தான் அது. அதிலுள்ள செல்களின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் நுண்வாயில்கள் உண்டு; மகள் சொல்லும் அயனிக் கால்வாய் இவைதான். ஆக்சிஜன் குறைந்தால் அவற்றில் பல மூடிக்கொள்கின்றன. செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, “மூச்சு விடு” என்று நரம்பு வழியே மூளைக்குத் தகவல் போகிறது. இதற்கெல்லாம் சில நொடிகள் போதும்.

இந்தப் பொட்டாசியம் வாயில்களை 1988இல் முயலின் செல்களில் காட்டியது ஸ்பெயின் நாட்டு லோபெஸ் பார்னியோவின் குழு. அதற்கு உதவிய உத்தி எர்வின் நேயர், பெர்ட் சாக்மான் என்ற இரு விஞ்ஞானிகள் 1976இல் கொண்டுவந்தது; 1991இல் நோபல் பரிசும் பெற்றது. மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயின் முனையைச் செல்லின் மேல் ஒட்டவைத்து, ஒரே ஒரு வாயிலில் ஓடும் மின்னோட்டத்தை அளப்பார்கள். ஆம்பியரை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் அளவில் சில பங்குதான் அந்த மின்னோட்டம்!

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. பெயருக்குத்தான் இது உயிரியல்; பாதி இயற்பியலும் கணக்கும். நீட் பயிற்சிக்காகக் கணக்கை மூட்டை கட்டிவைத்த பிள்ளைகள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அறிவியல் ஆராய்ச்சிக்குப் படிக்கும் மத்திய அரசு நிறுவனமான ஐசரின் (IISER) நுழைவுத் தேர்விலும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்குக்கும் சம பங்கு.

இனி சோறு. ஐசரில் ஐந்தாண்டுப் படிப்பு, பிறகு முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டு. நெட் (NET) என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால், 2023இல் உயர்த்தியபடி, முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. முப்பது வயதுக்குள் நிரந்தர வேலை என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். படகுக் கடன் அவ்வளவு காலம் பொறுக்காது என்றால் அதை மகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அவளுக்குப் புரியும். “பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஆராய்ச்சி” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மதினி கடலுக்குள் போய்த்தானே உங்கள் வீடும் நடக்கிறது.

மதினி பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்து மூவரும் வாருங்கள். மகளின் கணித விடைத்தாள்களையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். நீட் மாதிரித் தேர்வு மதிப்பெண் எனக்கு வேண்டாம்.