வலி போய்விட்டது, விளையாட அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஆறு வாரங்களுக்கு முன் கூடைப்பந்து ஆடும்போது சட்டெனத் திரும்பியதில், முட்டிச் சில்லு வெளிப்பக்கமாக விலகிவிட்டது. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் பிரேஸ் போட்டு அனுப்பினார். இப்போது வலியே இல்லை என்கிறாள். அடுத்த வாரப் போட்டிக்கு அனுப்பலாமா?

பிசியோதெரபிஸ்ட் பதில்: இந்தப் போட்டிக்கு வேண்டாம்மா. அவள் முகம் வாடிப்போகும், தெரியும். ஆனால் இந்த வயதில் சில்லு மறுபடி விலகும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம்.

சில்லு விலகும்போது, அதை உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும் தசைநார் பெரும்பாலும் கிழிந்துவிடும். மூட்டு வீங்கியதும் தொடையின் முன்தசை வேலையைக் குறைத்துக்கொண்டு, சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். நீங்களே பாருங்கள். காலை நீட்டி உட்காரச் சொல்லி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். சில்லுக்குச் சற்று மேலே, தொடையின் உள்பக்கம் கை வையுங்கள். நல்ல காலில் தசை கல்லாக இறுகும். அடிபட்ட காலில் தொளதொளவென்று இருந்தால் தசை இன்னும் தேறவில்லை.

துண்டை அழுத்துவதும், காலை மடக்காமல் தூக்குவதும் பிள்ளைகளுக்குச் சலிப்புதான். பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம், ஏனென்றால் முக்கியமான வேலை அப்புறம்தான் வருகிறது. கண்ணாடி முன்னால் ஒரு படியிலிருந்து மெதுவாக, அடிபட்ட காலின் பலத்தில் இறங்கட்டும். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் இடுப்புத் தசைக்கும் பயிற்சி வேண்டும். அது சரியானபின் ஓட்டம், குதித்தல், கடைசியாகத்தான் சட்டெனத் திரும்புவது. 3, 4 மாதமாவது ஆகும். ஒற்றைக்காலில் தாவும் தூரம் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதத்தைத் தொடாமல் நான் யாரையும் ஆட்டத்துக்கு விடுவதில்லை.

பயத்தையும் கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு பையன் எல்லாப் பயிற்சியும் பிரமாதமாகச் செய்தான். சில்லை விரலால் லேசாக வெளிப்பக்கம் நகர்த்தினால் மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்வான். பயம் என்று சொல்ல அவனுக்கு வெட்கம். அவனுக்கு இன்னும் ஒரு மாதம் கொடுத்தேன்.

முட்டி மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, மறுபடி வீங்கினாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். குருத்தெலும்புத் துண்டு உடைந்து உள்ளே கிடந்தால், அதற்கு வைத்தியமே வேறு.

போட்டியன்று அணியோடு போகட்டும், பெஞ்சில் உட்காரட்டும். நின்ற இடத்திலிருந்து, குதிக்காமல், கூடையில் பந்து போட்டுப் பழகலாமா என்று உங்கள் பிசியோவிடம் இப்போதே கேளுங்கள்.