கமுதி ஆடும் பகாவ் மழையும்

கேள்வி: மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவ் அருகே செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய முக்கால் ஏக்கர் நிலத்தில் இருபத்திரண்டு ஆடுகள் வளர்க்கிறேன். பெரும்பாலும் காத்ஜாங், சில ஜம்னாபாரிக் கலப்பு. விடிந்ததும் செம்பனை நிரைகளுக்கு இடையே மேய விடுகிறேன். ஆண்டு முழுவதும் புல்லுக்குக் குறைவில்லை. ஆனாலும் குட்டிகள் மெலிகின்றன, மழை மாதங்களில் இரண்டு மூன்று செத்துப்போகின்றன, சிலவற்றுக்குத் தாடைக்குக் கீழே வீங்குகிறது. இந்த ஆண்டு பங்குனிப் பொங்கலுக்குத் தாத்தாவின் ஊரான கமுதிப் பக்கம் போயிருந்தேன். அங்கே தரையில் பச்சையே இல்லை. சீமைக்கருவேலங்காயைத் தின்று ஆடுகள் திடமாக நிற்கின்றன. மழையே இல்லாத மண்ணில் இது எப்படி நடக்கிறது? அந்த விதையைக் கொண்டுவந்து இங்கே போடலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

விதையைக் கொண்டுவர வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், "மழையே இல்லாத மண்" என்று நீங்கள் எழுதியிருப்பதை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். ஏனென்றால் உங்கள் ஆடுகளின் நோய்க்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

கமுதி இருக்கும் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டன் நகருக்குக் கிடைப்பது சுமார் 600 மில்லிமீட்டர்தான். அங்கே புல்தரை பச்சையாகவே கிடக்கிறது, கமுதியில் தரை வெடித்துக் கிடக்கிறது. ஆகவே ஒரு நிலத்தை வறள்நிலம் ஆக்குவது மழையின் அளவு மட்டும் அன்று. வெயிலும் காற்றும் எவ்வளவு நீரை அந்த நிலத்திலிருந்து உறிஞ்ச வல்லவை என்பதோடு மழையை ஒப்பிட்டுத்தான் அறிவியலாளர் கணக்கிடுகிறார்கள். ஆண்டு மழை அந்த உறிஞ்சும் அளவில் 0.65 பங்குக்குக் குறைவாக இருந்தால் அது வறள்நிலம், 0.20 முதல் 0.50 வரை இருந்தால் அரைவறட்சி நிலம். இராமநாதபுரத்தில் வானம் கொடுப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கைத் திருப்பிக் கேட்கிறது. அதனால் அது அரைவறட்சி வகையில் சேர்கிறது. உலகின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 41 விழுக்காடு இத்தகைய வறள்நிலங்கள் என்பதால், உங்கள் தாத்தாவின் ஊர் ஒரு விதிவிலக்கன்று.

இரண்டாவது, அந்த மழை வரும் விதம். அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில், சில நாள்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஒரு புயல் திசை மாறிப் போய்விட்டால் அந்த ஆண்டே பொய்த்துப்போகிறது. இஸ்ரேலைச் சேர்ந்த சூழலியலாளர் நோய்-மெய்ர் 1973ஆம் ஆண்டில் பாலைநிலங்களைப் பற்றி எழுதியபோது, நீர் எப்போதாவது, தனித்தனித் தவணைகளாக, முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி வந்துசேரும் இடம் என்றுதான் அவற்றை வரையறுத்தார். என் கருத்தில், மழைக்குறைவைக் காட்டிலும் இந்த நிச்சயமின்மைதான் அங்குள்ள செடி, கொடி, ஆடு, மனிதர் எல்லாவற்றையும் வடித்தெடுத்திருக்கிறது. குறைவாகவே பெய்தாலும் நாள் தவறாமல் பெய்யும் மழைக்கு ஒரு செடி தன்னைச் சுருக்கிக்கொண்டு வாழ்ந்துவிடும்; வருமா வராதா என்று தெரியாத மழைக்கு அது சேமித்து வைத்துக் காத்திருக்கத்தான் வேண்டும்.

காத்திருக்கும் முறைகள் பல. புல்லும் சிறு பூண்டுகளும் விதையாக மண்ணுக்குள் கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் விதைத்தோலில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருப்பதால், ஒரு தூறலுக்கு ஏமாந்து முளைத்துவிடுவதில்லை. அந்தப் பொருள் கழுவப்படும் அளவுக்கு நல்ல மழை பெய்தால்தான் முளைக்கும். ஐந்து மில்லிமீட்டர் தூறல் மண்ணின் மேல்தோலை மட்டும் நனைத்துவிட்டு மறுநாளே ஆவியாகிவிடும். அதனால் மரத்துக்குப் பயனில்லை, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கு உண்டு. நெடுநாள் காய்ந்த மண் நனைந்தவுடன் அவை ஒரே மூச்சில் விழித்து, மட்கைச் சிதைத்துத் தழைச்சத்தை வெளிவிடுகின்றன. இதை 1950களில் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் அளந்து காட்டியவர் பர்ச் என்ற மண்ணியலாளர். அவர் பெயரால்தான் இது இன்றும் வழங்குகிறது. முதல் மழைக்குப் பின் அங்கே முளைக்கும் புல் கரும்பச்சையாக, சத்து நிறைந்து இருப்பதற்கு இதுவே காரணம். மாதக்கணக்கான வறட்சி, அந்த மண்ணில் தழைச்சத்தைப் பூட்டி வைக்கும் பெட்டியாகவும் இருந்துவிடுகிறது.

மரங்களின் வழி வேறு. கருவேல் இனங்கள் வேரை ஆழத்துக்கு அனுப்புகின்றன. சீமைக்கருவேலின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் வேர், அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. கார்த்திகையில் பெய்து கீழே இறங்கிய நீரை அந்த வேர்கள் பங்குனியிலும் சித்திரையிலும் மேலே இழுத்து இலையாகவும் இனிப்பான காயாகவும் மாற்றுகின்றன. தரையில் பச்சையே இல்லை என்று நீங்கள் வியந்த அந்த நாளில், ஆடுகள் தின்றுகொண்டிருந்தது நான்கு மாதங்களுக்கு முன் பெய்த மழையைத்தான்.

இங்கே ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். நம் மலேசியாவில் மணற்பாங்கான நிலம் என்றால் ஏழை நிலம். களி கலந்த மண்தான் ஈரம் பிடிக்கும் நல்ல மண் என்று தோட்டத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். வறள்நிலத்தில் இது தலைகீழாகிவிடுகிறது. களிமண் கொஞ்ச மழையையும் மேற்பரப்பிலேயே பிடித்துவைத்து வெயிலுக்குக் கொடுத்துவிடும்; மணலோ அதே மழையை விறுவிறு என்று ஆழத்துக்கு இறக்கி ஒளித்துவைக்கும். இதையும் விளக்கி எழுதியவர் மேலே சொன்ன நோய்-மெய்ரே. கமுதியின் கரிசல் காட்டில் சீமைக்கருவேலைத் தவிர மற்ற மரங்கள் அருகியிருப்பதையும், சாயல்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரிகளில் பனை நெடுநெடுவென்று நிற்பதையும் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அடுத்த முறை போனால் கவனித்துப் பாருங்கள்.

மழை விழுந்த இடத்திலேயே தங்குவதும் அங்கே இல்லை. பெருமழை இறுகிய வெற்றுத்தரையில் விழுந்து ஓடிப் பள்ளத்தில் சேர்கிறது. வெற்றிடம் தன் பங்கை இழப்பதால்தான் பள்ளத்துச் செடிக்கு இரு பங்கு கிடைக்கிறது. நைஜர், சோமாலியா போன்ற நாடுகளில் இதனால் வெற்றுத்தரையும் புதரும் புலியின் வரிகள்போல் மாறிமாறி அமைந்திருப்பது வானிலிருந்து எடுத்த படங்களில் தெரிகிறது. நம் முன்னோர் கண்மாய்களையும் ஊருணிகளையும் வெட்டியது இதே கணக்கில்தான்: பரந்த நிலத்தின் மழையைச் சிறு நிலத்துக்குத் திரட்டினார்கள். அறுவடைக்குப் பின் வயலில் ஆட்டுக்கிடை போடுவதும், கீதாரிகள் மந்தையோடு ஊர் ஊராக நகர்வதும், மழை பெய்த இடத்தை மழைக்குப் பின்னால் போய்ச் சேரும் வழக்கங்களே.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். நெகிரி செம்பிலானின் உட்பகுதி மலைத்தொடர்களால் மறைக்கப்பட்டிருப்பதால், தீபகற்ப மலேசியாவில் மழை குறைந்த பகுதிகளுள் ஒன்று. அந்த மழைக்குறைவும் கமுதிக் கணக்கில் செழிப்புதான். சனவரி, பிப்ரவரி வாக்கில் பால்மரம் என்னும் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் சில வாரங்களைத் தவிர, இங்கே மண்ணுக்குக் காய்ந்து கிடக்கும் அனுபவமே கிடையாது. காத்திருக்கத் தேவையில்லாத இடத்தில் உயிர்கள் சேமிப்பதும் இல்லை. 2015, 2016ஆம் ஆண்டுகளின் எல் நினோ வறட்சியால் மலேசியாவின் செம்பனை எண்ணெய் உற்பத்தி ஒரே ஆண்டில் சுமார் 2 கோடி டன்னிலிருந்து 1.73 கோடி டன்னாகச் சரிந்ததைத் தோட்டத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சில மாத வறட்சியே போதுமாயிருந்தது.

இடைவிடாத ஈரம் புல்லை மட்டும் வளர்ப்பதில்லை. நீங்கள் எழுதிய தாடை வீக்கம், மெலிவு, மழை மாதச் சாவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது என் முதல் ஐயம் இரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழுவின்மேல்தான். ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொள்ளும் இந்தப் புழு ஒன்று நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகள் இடும். அவை புழுக்கையோடு வெளிவந்து, வெப்பமும் ஈரமும் சேர்ந்த தரையில் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் நோய் பரப்பும் இளம்புழுவாகி, பனியோடும் மழைநீரோடும் புல்லின் அடித்தண்டில் ஏறி நிற்கும். கமுதியின் நீண்ட கோடை இந்த முட்டைகளையும் இளம்புழுக்களையும் தரையிலேயே சுட்டுவிடுகிறது. அதோடு, அங்குள்ள ஆடு தரையில் மேய்வதைவிட முன்னங்காலைத் தூக்கி முள்மரத்தில் எட்டிக் கடிப்பதே அதிகம். புழு அந்த உயரத்துக்கு ஏறாது. உங்கள் ஆடோ விடிந்ததும், பனி காயாத புல்லின் அடிப்பகுதியில் வாய் வைக்கிறது. அதன் உணவுக்குப் பஞ்சமில்லை; வறட்சிக்குத்தான் பஞ்சம்.

ஆகவே நீங்கள் அங்கிருந்து கொண்டுவர வேண்டியது அந்த வறண்ட இடைவெளியையே. தரையிலிருந்து உயர்த்திப் பலகையிட்ட பரண் கொட்டில் அதைச் செயற்கையாகத் தருகிறது: ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆட்டின் வாயும் அதுவும் பிறகு சந்திப்பதில்லை. கொட்டிலின் அடியில் சேறு தேங்க விடாதீர்கள். ஈர மண்ணில் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி இந்நாட்டில் ஆட்டையும் மனிதரையும் தாக்குகிறது, எனவே காலில் புண்ணோடு வெறுங்காலில் அங்கே இறங்க வேண்டாம். நேப்பியர் புல்லைத் தரையோடு அறுக்காமல் முழங்கால் உயரத்துக்கு மேல் அறுத்து, வெயிலில் வாட்டிக் கொடுங்கள். மேய்த்தே ஆக வேண்டும் என்றால் பனி நன்றாகக் காய்ந்தபின் விடுங்கள். தோட்டத்தில் எந்த நிரையில் எப்போது களைக்கொல்லி தெளித்தார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடத்தை மாற்றி மேய்ப்பதில் இந்த நாட்டின் வெப்பம் ஒரு சிறு உதவி செய்கிறது. வெப்பத்தில் இளம்புழு தன் சேமிப்பை வேகமாகத் தீர்த்துக்கொண்டு ஐந்தாறு வாரங்களில் பெரும்பாலும் இறந்துவிடுவதால், ஓர் இடத்தில் மூன்று நான்கு நாள்களுக்கு மேல் மேய்க்காமல், அதே இடத்துக்கு அத்தனை வாரங்கள் திரும்பாமல் இருந்தால் புழுவின் சுமை பெரிதும் குறையும். முக்கால் ஏக்கரில் இருபத்திரண்டு ஆடுகளுக்கு இது முடியாத கணக்கு. எனவே அறுத்துப் போடுவதே உங்களுக்கு ஏற்றது.

சீமைக்கருவேலைப் பொறுத்தவரை, அது தென்னமெரிக்கா, மெக்சிகோப் பகுதியிலிருந்து 1870களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம். ஆட்டின் குடலைக் கடந்த விதை நன்றாக முளைப்பதால் மந்தை போன இடமெல்லாம் பரவி, இன்று நீதிமன்றமே அகற்றச் சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறது. காயை மட்டுமே மிகுதியாகத் தின்னும் ஆடுமாடுகளுக்குத் தாடையும் நாக்கும் செயலிழப்பதும் உண்டு. உவர் மண்ணுக்குப் பழகிய அந்த மரம், மழை சுண்ணாம்பையெல்லாம் கழுவிக்கொண்டுபோன நம் புளிப்பு மண்ணில் அங்கே போலக் காய்க்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அனுமதியின்றி விதை கொண்டுவருவது தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி குற்றமும் ஆகும். நானே ஒருமுறை கள்ளிக் குடும்பந்தானே, எந்த மண்ணிலும் பிழைக்கும் என்று மேட்டுப்பாத்தி போடாமல் டிராகன் பழக் கொடிகளை நட்டு, ஒரே மழைக்காலத்தில் பாதியை அழுகலுக்குக் கொடுத்தவன்.

உயரத்தில் கடிக்கும் தீனி வேண்டுமென்றால் வேலியோரம் கிளைரிசிடியா நடுங்கள். நம் மண்ணைத் தாங்கும். மரவள்ளி இலையை நன்றாக வெயிலில் காயவைத்து நச்சைப் போக்கிக் கொடுக்கலாம். அதிலுள்ள துவர்ப்புச் சத்து புழுவின் முட்டையிடலை ஓரளவு குறைக்கிறது.

இப்போதைக்கு ஒவ்வோர் ஆட்டின் கீழ் இமையையும் விலக்கிப் பாருங்கள். உட்புறம் சிவப்பாக இல்லாமல் வெளிறியிருப்பவற்றுக்கு மட்டும் மருத்துவரின் ஆலோசனையோடு மருந்து கொடுங்கள். மந்தை முழுவதற்கும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப ஊற்றியதால்தான் இந்நாட்டுப் பண்ணைகள் பலவற்றில் புழுக்கள் மருந்துக்கு அடங்காமல் போயின. வீக்கம் கண்ட ஆடுகளின் புதிய புழுக்கையைக் கால்நடை சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து முட்டை எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வந்ததும், இதுவரை எந்த மருந்தை எத்தனை முறை கொடுத்தீர்கள் என்ற விவரத்தோடு மறுபடியும் எழுதுங்கள்.