பீக் தகட்டின் பழுப்பு விளிம்பு

அச்சை 120 டிகிரி செல்சியசில் வைத்து வார்த்த பீக் (PEEK என்ற, வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்) தகட்டின் விளிம்புகள் மட்டும் பழுப்பாக, ஒளி ஊடுருவும்படி இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது கருகல் அன்று என்றே நினைக்கிறேன். கண்ணாடிநிலை மாற்றம் (கண்ணாடிபோல் விறைத்த பிளாஸ்டிக் இளகத் தொடங்குவது) நிகழும் 143 டிகிரிக்குக் கீழே இருக்கும் அச்சுச் சுவரைத் தொட்டதும் உருகிய பீக் சட்டென்று குளிர்ந்துவிடுவதால், அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் மடிந்து படிக அடுக்குகளாக அமைய நேரமில்லாமல் அப்படியே உறைந்துவிடுகின்றன. மெல்லக் குளிர்ந்த நடுப்பகுதியோ படிகமாகி, ஒளிபுகாத வெளிறிய நிறம் பெறுகிறது. அச்சை 180 முதல் 200 டிகிரி வரை உயர்த்திப் பாருங்கள்.

வார்த்த தகட்டையே 200 டிகிரியில் சூடாக்கி வைத்தாலும் விளிம்பு படிகமாகும். ஆனால் அப்போது அது சுருங்குவதால் தகடு வளையக்கூடும். மேலும், தாழ்ந்த வெப்பநிலையில் உருவாகும் படிக அடுக்குகள் மெல்லியவை; அதனால் முன்னதாகவே உருகிவிடும். அப்படிச் சூடாக்கிய துண்டை மீண்டும் உருக்கிச் சோதித்தபோது, வெப்ப வரைபடத்தில் உருகுதலைக் காட்டும் 343 டிகிரியிலுள்ள பெரிய முகட்டுக்கு முன்பாக 210 டிகிரியை ஒட்டி நீங்கள் கண்ட சிறு முகடு அவற்றுடையதாகவே இருக்க வேண்டும்.