மிளகு அளவிலேயே நிற்கும் கட்டி

கேள்வி: பெரியப்பாவுக்கு மூக்கோரத்தில் மிளகு அளவில் ஒரு கட்டி, வருஷக்கணக்கில் அப்படியேதான் இருந்தது. இப்போது சதை எடுத்துப் பார்த்துவிட்டு பேசல் செல் என்ற தோல் புற்றுநோய் என்கிறார்கள். செல்கள் மும்முரமாகப் பிரிவதாக ரிப்போர்ட்டிலும் இருக்கிறது. அப்படியானால் இந்நேரம் பெரிதாகியிருக்க வேண்டாமா?

பதில்: நியாயமான சந்தேகம்தான். வெயிலுக்கும் தோல் புற்றுநோய்க்கும் பேர்போன ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ஜான் கெர், ஜெஃப்ரி சியர்ல் என்ற இருவர் 1972-ல் இதே புதிருக்கு ஒரு விளக்கம் எழுதினார்கள். அந்தக் கட்டியில் செல்கள் பிறக்கிற வேகத்துக்கு ஏறக்குறைய ஈடாகச் செத்துக்கொண்டும் இருக்கின்றன, வரவும் செலவும் கிட்டத்தட்ட சரியாகிவிடும் கணக்கு மாதிரி. மிஞ்சுவது கொஞ்சம்தான், கட்டி வளர்வதும் அந்த அளவுக்குத்தான்.

இந்தச் சாவு அடிபட்டோ வெந்தோ வருவது இல்லை. செல் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது, அதற்கு அப்போப்டோசிஸ் என்ற பெயரும் அதே 1972-ல்தான் வந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நெருக்கமாக நிற்கும் நீலநிறச் செல்களுக்கு நடுவே ஒன்று மட்டும் சுருங்கி, சுற்றிலும் ஒரு வெள்ளை இடைவெளி விட்டு, உட்கரு கருத்துத் துண்டு துண்டாகிக் கிடக்கும். அக்கம்பக்கத்துச் செல்கள் அந்தத் துண்டுகளை விழுங்கிவிடும். செல் வெடித்துச் சிதறாததால் பொதுவாக வீக்கமும் இருக்காது, அதனால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

நல்ல தோலிலும் இது நடக்கிறது. கடும் வெயிலில் டிஎன்ஏ பழுதான செல்லை பி53 என்ற புரதம் சாகவிடுகிறது. அந்த பி53-க்கான மரபணுவையே வெயில் கெடுத்துவிட்டால்தான் வம்பு, சாக வேண்டிய செல் சாகாமல் பெருக ஆரம்பிக்கும். தோலின் இன்னொரு புற்றுநோயான ஸ்குவாமஸ் வகையில் இந்தப் பழுது ரொம்ப சகஜம்.

அப்புறம், பாதி செல் தானாகவே சாகிறதே, மீதியும் போய்விடும் என்று காத்திருக்காதீர்கள். பேசல் செல் வகை உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது அபூர்வம்தான், ஆனால் இருக்கிற இடத்தில் குருத்தெலும்பு வரை அரித்துவிடும். மேலோட்டமான கட்டிகளுக்கு இமிக்விமோட் என்ற க்ரீம் உண்டு, நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிட்டு இதே சாவைக் கூட்டும், தோல் சிவந்து பொருக்குத் தட்டும். மூக்கோரத்துக் கட்டிக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையைத்தான் சொல்வார்கள், ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துப் பார்த்து எடுக்கும் மோஸ் முறை கிடைக்குமா என்று பெரியப்பாவின் டாக்டரிடம் கேளுங்கள்.