இரவில் பேய் தேடப் போவது மனத்துக்கு நல்லதா?

கேள்வி: எனக்கு 34 வயது. பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன், மென்பொருள் வேலை. 8 மாதங்களுக்கு முன் அம்மா காலமானார். அதன்பின் சனிக்கிழமை இரவுகளில் நண்பர்களுடன் பாழடைந்த வீடுகளுக்குச் சென்று, பேய் நடமாட்டம் உண்டா என்று ஒலிப்பதிவுக் கருவியுடன் விடியும்வரை ஆராய்கிறோம். மனச்சோர்வு குறைந்திருக்கிறது. ஆனால் சென்ற மாதம் ஒரு பதிவில் அம்மாவின் குரலில் ‘சாப்ட்டியா’ என்று கேட்டது. இரண்டு முறை விடியற்காலையில் நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்து அமுக்குவது போலிருந்தது. மனைவி பயப்படுகிறார். இதைத் தொடரலாமா?

பதில்: தொடரலாம். ஆனால் அந்தக் கருவியில் அம்மாவைத் தேடுவதை மட்டும் இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள்.

சோர்வு குறைந்ததாக நீங்கள் சொல்வதை நம்புகிறேன். வாரம் முழுவதும் திரையின் முன் உட்கார்ந்திருப்பவர், நாலு பேருடன் நடந்து, ஒரு கதவு ஏன் கிறீச்சிடுகிறது என்று குனிந்து பார்த்து, கீல் துருப்பிடித்திருப்பதைக் குறிப்பேட்டில் எழுதும்போது, அந்தத் துணையும் நடையும் கவனமும் மனத்துக்கு நிச்சயம் இதம் தரும். விக் டாண்டி என்ற ஆங்கிலேயப் பொறியாளர், தம் ஆய்வுக்கூடத்தில் பேய் உலவுவதாகத் தோன்றியபோது காரணம் தேடிப் போய், காதுக்குக் கேட்காத 19 ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வை ஒரு வெளியேற்று விசிறி எழுப்புவதைக் கண்டு 1998-இல் கட்டுரையாக வெளியிட்டார். அச்சத்தைக் கேள்வியாக மாற்றிய அவருடைய மனப்பாங்கு உங்கள் குழுவுக்கும் வேண்டும். எனினும் இது பொழுதுபோக்கே; துயரத்துக்கான சிகிச்சையாக இதை நம்பிவிடக் கூடாது.

நெஞ்சை அமுக்கியதை நம் பாட்டிமார் ‘அமுக்குவான் பேய்’ என்பார்கள். மருத்துவத்தில் அது உறக்க முடக்கம். கனவு காணும்போது கைகால்கள் உண்மையிலேயே ஓடத் தொடங்கிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருந்தும் விரலை அசைக்க முடியாது. மூச்சு முட்டும், அறையில் யாரோ நிற்பதாகவும் தோன்றும். பெரும்பாலும் சில வினாடிகளில், அல்லது ஓரிரு நிமிடங்களில் விலகிவிடும். தூக்கம் கெடுவதும் மல்லாந்து படுப்பதும் இதைத் தூண்டும் என்பதால், உங்கள் சனிக்கிழமைக் கண்விழிப்பையே நான் முதலில் சந்தேகிக்கிறேன். ஆய்வை இரவு 10 மணிக்குள் முடித்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள்.

இனி அந்தக் குரல். இறந்தவரின் குரல் கேட்பதாகவோ அவர் அருகில் இருப்பதாகவோ உணர்வது, துயரத்தில் இருப்பவர்களுக்கு இயல்பாக நேர்வது; அதை மட்டும் வைத்து மனநோய் என்று சொல்ல மாட்டேன். போனை எடுத்ததும் நம் அம்மாக்கள் முதலில் கேட்பது அந்தச் சொல்லைத்தானே? அதற்காகவே காது ஏங்கியிருக்கும்போது, வெறும் இரைச்சலிலிருந்தும் மூளை அதைக் கோத்தெடுத்துவிடும். மற்ற பதிவுகளில், உங்களுக்குக் கேட்டது இன்னதென்று சொல்லாமல், நண்பர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியது மற்றவருடையதோடு எவ்வளவு குறைவாக ஒத்துப்போகிறது என்பது விளங்கும். அம்மாவின் குரலை அப்படிச் சோதிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வாரந்தோறும் அது மறுபடி வருமா என்று காத்திருப்பதும், வராத இரவில் வெறுங்கையோடு திரும்புவதும் உங்கள் துயரத்தை ஆறவிடாது. பழைய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் இருந்தால், அவற்றை மனைவியோடு உட்கார்ந்து கேளுங்கள்.

இழப்பின் ஏக்கம் 6 மாதங்களுக்கு மேலும் தணியாமல் அன்றாட வாழ்வைக் குலைத்தால், உலக சுகாதார நிறுவனம் அதை நீடித்த துயரக் கோளாறு என்று வகைப்படுத்துகிறது. உங்களுக்கு அது இருக்கிறதா என்பதைக் கடிதத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. எனவே ஒருமுறை நேரில் பேசிவிடுங்கள். நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416-இல் கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். பகலில் தனித்திருக்கும்போது குரல்கள் கட்டளையிட்டாலோ, யாரோ பின்தொடர்வதாக உறுதியாகத் தோன்றினாலோ, தூங்காமலே களைப்பின்றி இருந்தாலோ, ஆய்வை உடனே விட்டுவிட்டு அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் தூங்கும்போது நடப்பதை அவரால்தான் சொல்ல முடியும்.