கிருமி எதிர்ப்புப் பேனல் வாங்கப் போகிறீர்களா? ரிப்போர்ட்டைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: ஈரோட்டில் சிறிய பல் மருத்துவமனை தொடங்குகிறேன். சிகிச்சை அறைச் சுவர்களுக்கு ‘ஆன்டி பாக்டீரியல்’ ஏ.சி.பி. ஷீட் (இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பேனல்) அடிக்கலாம் என்கிறார் இன்டீரியர் வேலை எடுத்திருப்பவர். சாதாரண ஷீட்டைவிட விலை கூடுதல். ‘99.9% பாக்டீரியா சாகும்’ என்று டெஸ்ட் ரிப்போர்ட்டும் காட்டினார். நம்பி வாங்கலாமா?

பதில்: ரிப்போர்ட் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதில் சொல்லியிருப்பது உங்கள் சுவரில் நடக்கப்போவது அல்ல.

இந்த வகைப் பொருட்களுக்குப் பெரும்பாலும் காட்டப்படுவது ஐ.எஸ்.ஓ. 22196 அல்லது அதற்கு மூலமான ஜப்பானியச் சோதனை ஜே.ஐ.எஸ். இசட் 2801. ஷீட்டிலிருந்து 5 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை வெட்டி, பாக்டீரியா கலந்த திரவம் 0.4 மி.லி. விடுவார்கள். அது பரவி நிற்க மேலே 4 செ.மீ. சதுர பிளாஸ்டிக் படலத்தை மூடி, 35 டிகிரி செல்சியஸ் சூட்டில், 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைப்பார்கள். பிறகு கழுவி எடுத்து, மருந்து கலக்காத துண்டோடு ஒப்பிட்டு, எத்தனை மிச்சம் என்று எண்ணுவார்கள். அதாவது, ஒரு நாள் முழுக்க ஈரம் காயாமல் இருந்தால் கிடைக்கும் பலன் அது. உங்கள் ஏ.சி. அறையில் ஸ்கேலிங் (பல் காரை எடுப்பது) செய்யும்போது தெறிக்கும் துளி சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். இந்த ஷீட்டுகளில் மருந்தாகப் பெரும்பாலும் கலப்பது வெள்ளி. அதன் அயனி வெளியே வந்து கிருமியைத் தாக்க ஈரம் வேண்டும். காய்ந்த சுவரில் அதன் வேலை மிகவும் மந்தம். அடுத்த நோயாளி உட்காருவதற்குள் சுவர் தானாகச் சுத்தமாகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டியது சதவீதத்தை அல்ல, கிருமி எத்தனை முறை பத்தில் ஒன்றாகக் குறைந்தது என்று சொல்லும் ‘ஆர்’ மதிப்பை. ஆர் 2 என்றால் 99%, 3 என்றால் 99.9%. ஜப்பானியச் சோதனை 2-ஐத் தேர்ச்சி எல்லையாக வைத்திருக்கிறது, ஐ.எஸ்.ஓ. அப்படி எல்லை எதுவும் சொல்லவில்லை, அளவிடும் முறையை மட்டும் சொல்கிறது. ஆகவே ‘ஐ.எஸ்.ஓ. பாஸ்’ என்று பிரசுரத்தில் போட்டிருந்தால், எழுதியவர் அந்த ஆவணத்தைப் படிக்கவில்லை என்று அர்த்தம். சோதனைக்குப் பயன்படுத்தும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ-கோலி என்ற பாக்டீரியாக்கள் இரண்டுக்கும் தனித்தனி மதிப்பு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் மற்றதைக் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ‘சாம்பிள் விவரம்’ என்ற வரி. பல ரிப்போர்ட்டுகளில் அங்கே ஷீட்டின் பெயர் இருக்காது. பெயின்டில் கலக்கும் மருந்துப் பொடியின் பெயரோ, அந்தப் பொடி கலந்த வேறு ஏதோ பிளாஸ்டிக் தகட்டின் பெயரோ இருக்கும். உங்களுக்கு விற்கும் அதே பிராண்ட், அதே மேற்பூச்சு, முடிந்தால் அதே நிறம் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். லேபுக்கு, சோதனைக்கூடங்களை அங்கீகரிக்கும் இந்திய அமைப்பான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா, அந்த அங்கீகாரப் பட்டியலில் இந்தச் சோதனையும் அடங்குகிறதா என்று பாருங்கள். துடைத்துத் துடைத்துத் தேய்ந்த பிறகு ஆர் மதிப்பு எவ்வளவு என்ற ரிப்போர்ட்டையும் கேளுங்கள். பெரும்பாலும் மௌனம்தான் பதிலாக வரும்.

பல் மருத்துவமனைக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது ஷீட்டின் நடுவில் உள்ள கோர். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே சாதாரண பாலிஎத்திலின் இருந்தால், தீப்பிடிக்கும்போது அது உருகி, எரிந்தபடியே சொட்டும். 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் தீ அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு வெளிச்சுவரில் இருந்த இந்த வகைக் கோர்தான் முக்கியக் காரணம். உங்களுடையது உட்சுவர்தான். ஆனாலும் மயக்க ஊசி போட்ட நோயாளி உட்கார்ந்திருக்கும் அறை அது. தீ தாங்கும் ‘எஃப்.ஆர்.’ கோர்தான் வாங்க வேண்டும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். 4 மி.மீ. தடிமன், 8-க்கு 4 அடி ஷீட்டை எடை போடச் சொல்லுங்கள். சாதாரண கோர் என்றால், 0.25 மி.மீ. தகடுள்ளது சுமார் 13–14 கிலோ, 0.5 மி.மீ. தகடுள்ளது 16–17 கிலோ வரும். எஃப்.ஆர். கோரில் தாதுப்பொடி ஏராளமாகக் கலந்திருப்பதால் 21 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ போகும். எடை சாதாரண கோர் அளவிலேயே இருந்தால் அது எஃப்.ஆர். இல்லை. எடை கூடினால் மட்டும் எஃப்.ஆர். என்று நம்பிவிட வேண்டாம், சும்மா சுண்ணாம்புப் பொடி அடைத்தும் எடையைக் கூட்டலாம். அதற்குத் தீ வகைப்பாட்டு ரிப்போர்ட் தனியாக வேண்டும்.

அளவும் பார்த்துக்கொள்ளுங்கள். 10-க்கு 12 அடி அறையில் சுற்றளவு 44 அடி. மருந்தும் தண்ணீரும் தெறிப்பது பெரும்பாலும் 4 அடி உயரம் வரைதான். கதவைக் கழித்தால் ஏறக்குறைய 165 சதுர அடி, ஷீட்டைப் படுக்கவைத்து அடித்தால் 6 ஷீட் போதும். மேலே கழுவக்கூடிய நல்ல பெயின்ட் அடித்துவிடலாம். கூரை வரை அடிக்கச் சொல்பவர் உங்கள் கிருமியைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மிச்சமாகும் பணத்தில் முழங்கையால் திறக்கும் குழாய், கால் மிதி குப்பைத் தொட்டி, சென்சார் விளக்கு வாங்குங்கள். சுவரைத் தொடுபவர்கள் குறைவு. கைப்பிடியையும் குழாயையும் சுவிட்சையும் நாள் முழுக்க எல்லாரும் தொடுகிறார்கள்.

கேள்வி: வீட்டோடு சேர்ந்த சிறிய ஊறுகாய்த் தயாரிப்புக்கூடம். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்குக் கிருமி எதிர்ப்புப் பேனல் கட்டாயம் என்கிறார் விற்பனையாளர். பி.வி.சி. ஷீட் ஒட்டலாமா?

பதில்: கட்டாயம் இல்லை. சுவர் வழவழப்பாக, பூச்சு உதிராமல், எளிதில் சுத்தம் செய்யும்படி இருக்க வேண்டும் என்பதுதான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிகளின் 4-ஆம் அட்டவணை கேட்பது. வெள்ளைப் பீங்கான் டைல்ஸை, இடுக்கை அடைக்கும் எபாக்ஸி கிரவுட்டோடு பதித்தாலே போதும். சாதாரண சிமென்ட் கிரவுட்டை ஊறுகாயின் புளிப்பும் உப்பும் அரித்துவிடும்.

பி.வி.சி. ஷீட்டின் உண்மையான லாபம் கிருமி எதிர்ப்பு அல்ல, இணைப்புகள் குறைவாக இருப்பதுதான். மூலைகளைச் சூடுபடுத்தி வளைத்து, இணைப்புகளை வெல்டு செய்து, தரையோடு சேரும் இடத்தை வளைவாக ஏற்றி முடித்தால் அழுக்கு தங்க இடமே இருக்காது. வேலை சொதப்பினால் அந்த லாபம் போச்சு. சொதப்புவது மூன்று இடங்களில். புதிய சிமென்ட் பூச்சு காயாமல் ஒட்டுவது முதல் தவறு. குறைந்தது 28 நாள் விட வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. ஈரம் உள்ளே அடைபட்டால் ஷீட்டுக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். முன்பக்க மருந்து அதை எட்டவே எட்டாது, தவிர பாக்டீரியா சோதனையில் தேறியது பூஞ்சையைத் தடுக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அடுத்தது இடைவெளி விடாமல் நெருக்கி ஒட்டுவது. 3 மீட்டர் ஷீட் காலைக்கும் மதியத்துக்கும் 20 டிகிரி வித்தியாசத்தில் ஏறக்குறைய 4 மி.மீ. நீளும். இடமில்லாவிட்டால் சுவரை விட்டு வயிறு போல உப்பிக்கொண்டு நிற்கும், தட்டினால் ‘டொப் டொப்’ என்று காலிச் சத்தம் வரும். மூன்றாவது, அடுப்புக்குப் பக்கம் ஒட்டுவது. இந்த ஷீட் 60 டிகிரிக்கு மேல் தாங்காது. எண்ணெய் காயும் அடுப்புச் சுவருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுதான்.

கேள்வி: இந்தப் பேனல்களைப் பிளீச்சிங் கரைசலால் துடைக்கலாமா?

பதில்: துடைக்கலாம், ஊறவிடக் கூடாது. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுங்கள். அழுக்கு மேல் ஊற்றிய ஹைப்போ (பிளீச்சிங் கரைசல்) அந்த அழுக்கிலேயே தீர்ந்துபோகும். ரத்தம் பட்ட இடத்துக்கு 1% ஹைப்போகுளோரைட். பாட்டிலில் 5% என்று இருந்தால் ஒரு பங்குக்கு 4 பங்கு தண்ணீர். பத்து நிமிடம் கழித்து வெறும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். விட்டுவிட்டால் ஏ.சி.பி.யின் வெட்டு ஓரத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, பெயின்ட் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். அதனால்தான் ஓரங்களைச் சிலிகானால் மூடச் சொல்வது. பச்சை ஸ்கிரப்பர் வேண்டவே வேண்டாம். மருந்து இருப்பது மைக்ரான் கணக்கில் உள்ள மேற்பூச்சில் மட்டும். தேய்த்தால் கீறலோடு அதுவும் போகும். ஹைப்போவோடு ஆசிட் கிளீனரைச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

கேள்வி: டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய பேனல், விளக்கு வெளிச்சத்திலேயே கிருமியைக் கொல்லும் என்கிறார்களே?

பதில்: சாதாரண டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். வீட்டு எல்.இ.டி. விளக்கில் அது கிட்டத்தட்ட இல்லை. வெயில் படும் வெளிச்சுவருக்குச் சரி. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்யும் ரகம் என்று சொன்னால், அந்த ஒளியில் செய்த சோதனையின் ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.

கேள்வி: கிருமி எதிர்ப்பு என்று கூடுதல் விலை வாங்கிவிட்டு, சாதாரண ஷீட் அடித்துவிட்டார்கள் என்று சந்தேகம். நான் சொந்தமாக கிளினிக் நடத்துகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் என் புகாரை ஏற்பார்களா?

பதில்: வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு முதலில் வாதிடும். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் தானே பயன்படுத்த வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது. தனியாக கிளினிக் நடத்துபவர் இதைக் காட்டி வாதாடலாம். பல கிளைகள் வைத்திருப்பவருக்குக் கடினம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் பதிந்து பாருங்கள்.

வழக்கு நிற்பதும் விழுவதும் பில்லில். ‘ஏ.சி.பி. ஷீட் – 6’ என்று மட்டும் இருந்தால் உங்கள் கையில் ஒன்றுமில்லை. பிராண்ட், கிரேடு, ‘ஆன்டி பாக்டீரியல்’ என்ற சொல், கோர் வகை, பேட்ச் எண் எல்லாம் பில்லில் வர வேண்டும். பிரசுரத்தையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். சோதனை இல்லாமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்றால் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு லேபுக்கு அனுப்பும், செலவை நீங்கள் முதலில் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு மாதிரி வேண்டுமே! உங்கள் கிளினிக்கில் வெட்டி மிஞ்சிய துண்டு எங்காவது கிடக்கிறதா என்று தேடுங்கள். இனி வாங்குபவர்கள், ஷீட் வெட்டும்போதே ஓர் அடிச் சதுரத்தில் இரண்டு துண்டுகளை, மேலே ஒட்டிய பாதுகாப்புப் படலத்தை உரிக்காமல், பேட்ச் எண் தெரியும்படி எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.